நத்தைக்கு நத்தை: மீன் தொட்டியில் அசாசின் செய்வதும் செய்யாததும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் மீன் வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் நத்தையில் வந்து நிற்கும். கப்பி வளர்ப்பவர், லாகா எனும் சண்டை மீன் வளர்ப்பவர், செடியும் இறாலுமாகத் தொட்டியை அழகுபடுத்துபவர் என்று எல்லாருக்கும் ஒரே குறைதான்: போன மாதம் ஒன்றிரண்டாகத் தெரிந்த நத்தை இந்த மாதம் கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அசாசின் நாலு வாங்கிப் போடுங்கண்ணே, வேலை முடிஞ்சுது." அசாசின் என்பது மற்ற நத்தைகளைத் தின்னும் ஒரு நத்தை.

சில தொட்டிகளில் உண்மையிலேயே முடிகிறது. வேறு சில தொட்டிகளில் பழைய நத்தையும் குறையாமல், புதிதாக விட்ட அசாசினும் பெருகி, வீட்டுக்காரர் இரண்டோடும் மல்லுக்கட்டுகிறார். ஒரே நத்தை, ஒரே கடை, ஆனால் பலன் வேறு. ஏன் என்று பார்க்க, தொட்டிக்குள் நடப்பதோடு சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் நடப்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒரு உயிரை வைத்து இன்னோர் உயிரை அடக்கும் வேலை இந்த ஊருக்குப் புதிதில்லை.

முதலில் நத்தை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் செடியோடு. கடையில் வாங்கிய செடியாக இருக்கலாம். தோட்டத்துப் பாரிட்டில், அதாவது வடிகாலில், இறங்கிப் பறித்த காபோம்பாவாகவோ ஹைட்ரில்லாவாகவோ இருக்கலாம். இலைக்கு அடியில் கண்ணாடி போன்ற ஒரு துளி ஜெல்லி ஒட்டியிருக்கும். அதுதான் முட்டைக் கொத்து. குழாய்த் தண்ணீரில் அலசினால் போகாது. நகத்தால் சுரண்டினால்தான் வரும், அதுவும் கண்ணில் பட்டால்.

பாரிட்டில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. மாடு மேயும் இடத்துத் தண்ணீரில் இருக்கும் ராம்ஸ்ஹார்ன் இன நத்தைகளில் ஒன்று, மாட்டைப் பிடிக்கும் ஒரு ரத்தப் புழுவுக்கு இடைவீடு. அந்தப் புழுவின் குஞ்சுகள் மனிதத் தோலைத் துளைத்தால் அரிப்புக் கொப்புளம் வரும். வயலில் வேலை செய்த மலாய்க்காரர்களுக்கு வந்த 'சாவா அரிப்பு' இதனால்தான் என்று 1938-லேயே மலாயாவில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே வெறுங்காலோடு இறங்கிச் செடி பறிக்க வேண்டாம்.

தொட்டியில் தொல்லை தருபவை பெரும்பாலும் மூன்று வகை. அவற்றைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் அசாசின் வாங்கப் போவதில் பொருளில்லை.

முதல் வகை பிளாடர் நத்தை. சின்னது, மெல்லிய ஓடு, வேகமாக நகரும், சில சமயம் தண்ணீர்ப் பரப்பில் தலைகீழாகத் தொங்கியபடி போகும். ஓட்டின் கூர்முனையை மேலே வைத்து வாய் நம்மைப் பார்ப்பதுபோல் பிடித்தால், வாய் இடப்பக்கம் இருக்கும். பெரும்பாலான நத்தைகளுக்கு வலப்பக்கம் என்பதால் இதை அடையாளம் காண்பது சுலபம். இரண்டாவது, சுருட்டி வைத்த ஆட்டுக்கொம்பு மாதிரி தட்டையாக இருக்கும் ராம்ஸ்ஹார்ன். இதன் ரத்தத்திலும் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு. அதனால்தான் சிலவற்றின் உடல் சிவப்பாகத் தெரிகிறது. இந்த இரண்டிலும் ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக ஒரே உடலில் இருக்கிறது. துணையே கிடைக்காமல் ஒற்றையாக மாட்டிக்கொண்டாலும் தானாகவே முட்டையிட முடியும். "ஒண்ணே ஒண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாவதுதான் தலைவலி. கூம்பு போல நீண்ட ஓடு, பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், விளக்கை அணைத்ததும் படை படையாக வெளியே வரும். உலகமெங்கும் மீன் கடைகளில் இதற்கு 'மலேசியன் டிரம்பெட்' என்று நம் நாட்டின் பெயரை வைத்துவிட்டார்கள். அறிவியல் பெயர் மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா. இதற்கு ஆணே தேவையில்லை. பெண் தனியாகவே இனத்தைப் பெருக்கும். முட்டையிடுவதும் இல்லை. தலைக்குப் பின்னால் இருக்கும் குஞ்சுப் பையில் வளர்த்து, ஓட்டோடு கூடிய குட்டியாகவே வெளியே விடுகிறது. வாயை மூடிக்கொள்ள ஒரு மூடியும் உண்டு. மருந்து போட்டால் மூடிக்கொண்டு மணலுக்குள் இருந்துவிடும், நெருக்கடி தீர்ந்ததும் திரும்பி வரும்.

சரி, ஏன் பெருகுகின்றன? நத்தை காற்றைத் தின்று வளர்வதில்லை. மீனுக்குப் போட்டு மிஞ்சிய உணவு, அழுகிய இலை, கண்ணாடியில் படியும் பாசி, செத்துப்போய் நாம் கவனிக்காமல் விட்ட மீன், இவ்வளவுதான் அதன் சாப்பாடு. வீட்டில் ஆளுக்கொரு வேளை மீனுக்குத் தீனி போடும் பழக்கம் இருந்தால், அந்தத் தொட்டியில் நத்தை இருக்கத்தான் செய்யும். நூறு நத்தைகளை எடுத்துக் கொட்டினால், மிச்சமிருக்கும் பத்துக்கும் முன்பைவிட அதிகச் சாப்பாடு கிடைக்கிறது. அவை இன்னும் வேகமாகப் பெருகும். அசாசின் வாங்குவதற்கு முன் இதைச் சரிசெய்யாதவர்களுக்குத்தான் அது வேலை செய்யவில்லை. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி, நாளுக்கு ஒரே ஒருவர் கையால் போடுவது, மணலைக் குழாய் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்வது. இதிலேயே நத்தைக் கூட்டத்தில் பாதி குறைந்துவிடுவதைப் பார்க்கலாம்.

இனி அசாசின். மஞ்சளும் கரும்பழுப்பும் மாறி மாறி வளையமிட்ட கூம்பு ஓடு, அதிகம் போனால் மூன்று சென்டிமீட்டர். 1847-ல் அறிவியல் பெயர் பெற்றது. கிளியா ஹெலெனா என்று நெடுநாள் அழைக்கப்பட்டு இப்போது அனெண்டோமே ஹெலெனா. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என்று தென்கிழக்கு ஆசிய ஆறுகளும் ஏரிகளும்தான் இதன் ஊர். கடலில் வாழும் இறைச்சி தின்னும் நத்தைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. நன்னீருக்குள் வந்து குடியேறிய சில கிளைகளில் ஒன்று. 2017-ல் வெளியான மரபணு ஆய்வு, இந்த ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இந்தச் செய்தி பின்னால் உதவும்.

வேட்டையாடும் விதம் பார்க்கத் தகுந்தது. முகத்துக்கு முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு குழாய் நீண்டு அசைந்துகொண்டிருக்கும். அது மூக்கு, தண்ணீரை உறிஞ்சி வாசனை பார்க்கிறது. மற்ற நத்தைகள் விட்டுச் சென்ற வழுவழுப்புத் தடத்தைப் பிடித்துப் பின்தொடர்ந்து போகும். சில நேரம் மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். இரையைப் பிடித்ததும் வேறொரு குழாயை, அதன் வாயை, ஓட்டுக்குள் விட்டுச் சதையைத் தின்னும். இரை தன்னைவிடப் பெரிதென்றால் இரண்டு மூன்று சேர்ந்து ஏறிக்கொள்வதும் உண்டு. முடிந்த பிறகு காலி ஓடு மணலில் கிடக்கும்.

இது மெதுவான வேலை என்பதை வாங்கும்போதே மனதில் வைக்க வேண்டும். ஒரு அசாசின் வயிறு நிறைந்தால் மணலுக்குள் போய்ப் படுத்துவிடும், நாள் கணக்கில் வெளியே தலைகாட்டாது. செத்துப்போய்விட்டதோ என்று மணலைக் கிளறிப் பார்ப்பவர்கள் உண்டு, வேண்டாம். இரண்டடித் தொட்டியில் நாலைந்து விட்டால், மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு இருபது வாங்கிப் போடுவது வீண் செலவு. பெரிய நத்தைகளை நாமே கையால் பொறுக்கிவிட்டு, சின்னவற்றை அசாசினிடம் விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு வைத்து, காலையில் மேலே மொய்த்திருக்கும் நத்தைகளோடு அப்படியே தூக்கிவிடலாம்.

ராம்ஸ்ஹார்ன் அசாசினுக்குச் சுலபமான இரை. மெதுவாகப் போகும், வாய்க்கு மூடி கிடையாது. சின்னத் தொட்டியில் ராம்ஸ்ஹார்ன் அடியோடு காணாமல் போனதாகச் சொல்பவர்களை நான் நம்புகிறேன். பிளாடர் நத்தை அவ்வளவு சுலபமில்லை. தொட்டால் ஓட்டை வெடுக்கென்று ஆட்டித் தப்பிக்கும், தண்ணீர்ப் பரப்புக்கு ஏறிவிடும். அதைவிட, தின்பதைக் காட்டிலும் வேகமாக முட்டையிடும். ஜெல்லி முட்டைக் கொத்துகளை அசாசின் பெரிதாகத் தொடுவதில்லை. தீனி குறையாத தொட்டியில் பிளாடர் நத்தைக்கு எதிராக அசாசினை இறக்குவது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கும் வேலை.

அசாசின் தன் விலைக்கு உழைப்பது டிரம்பெட்டிடம்தான். மீனோ நம் கையோ போக முடியாத மணலுக்குள் இதுவும் போகிறது. ஒரு தொட்டியில் டிரம்பெட்டை ஒழிப்பது மிகக் கடினம், குறைத்து வைப்பதுதான் நடக்கும். நன்கு முற்றிய டிரம்பெட்டின் தடித்த ஓட்டோடும் மூடியோடும் அசாசின் மோதுவது அபூர்வம். குட்டிகளைத் தின்று புதிய தலைமுறை வளராமல் பார்த்துக்கொள்கிறது. கிழங்கள் வயதாகிச் சாகும்வரை நாம் பொறுக்க வேண்டும். தவிர, கொஞ்சம் டிரம்பெட் இருப்பதில் நன்மையும் உண்டு. மணலைக் கிளறி, அடியில் வாயு தேங்காமல் பார்த்துக்கொள்கிறது. அத்தனையையும் கொல்லத் துடிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. கிளவுன் லோச் என்ற மீன் நத்தையை உறிஞ்சித் தின்னும். ஆனால் சுமாத்ராவிலும் போர்னியோவிலும் இருந்து வரும் அந்த மீன் கூட்டமாக வாழும், ஓரடி வரை வளரும். இரண்டடித் தொட்டிக்கு ஆகாது. கேரளத்து ஆறுகளைச் சேர்ந்த பட்டாணி அளவுப் பஃபர் மீனுக்கும் நத்தை என்றால் உயிர், கூடவே கப்பியின் வாலும் பிடிக்கும். நத்தையை நொறுக்கித் தின்னும் பெரிய மீனான லோஹான் வளர்ப்பவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. செம்பு கலந்த மருந்து நத்தையைக் கொல்லும், இறாலையும் கொல்லும், பின்னர் விடப்போகும் அசாசினையும் விட்டுவைக்காது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான நத்தைகள் மணலுக்குள் செத்து அழுகினால் அமோனியா ஏறி மீனும் போகும். தோட்டத்து ஸ்டோரில் நாற்றங்காலுக்காக வைத்திருக்கும் நத்தை மருந்தைத் தொட்டியில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. நாய் தின்றாலும் ஆபத்தான நஞ்சு அது.

இப்போது செம்பனைக் காட்டுக்கு வருவோம். கம்பத்தின் மேல் நிற்கும் ஆந்தைப் பெட்டிகளைத் தோட்டத்தில் வளர்ந்த யாரும் பார்த்திருப்பார்கள். 1980களிலிருந்து பரவலாக வைக்கப்பட்டவை. ஒரு கூகைக் குடும்பம் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் எலி பிடிக்கும். ஆனாலும் எலியே இல்லாமல் போன தோட்டம் என்று ஒன்று கிடையாது. காரணம் எளிது: கூகை இங்கே கிட்டத்தட்ட எலியை மட்டுமே நம்பி வாழ்கிறது. எலி குறைந்தால் குஞ்சு குறையும், கூகை குறையும், எலி மீண்டும் தலைதூக்கும். சேதம் தாங்கக்கூடிய அளவில் நிற்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இந்த வட்டாரத்திலேயே நடந்தது. செம்பனைப் பூவை ஆட்கள் கையால் மகரந்தம் தூவிக் காய்க்க வைத்த காலம் ஒன்று இருந்தது. 1981-ல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டினம் குளுவாங் பாமோல் தோட்டத்தில் விடப்பட்டது. அந்த வேலை முழுவதையும் வண்டு எடுத்துக்கொண்டது. விடுவதற்கு முன், அது மற்றப் பயிர்களைத் தொடுகிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள். தொடவில்லை, செம்பனையின் ஆண் பூவை விட்டால் அதற்கு வேறு வாழ்வில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் அதைப் பாதுகாப்பானதாக்கியது.

இதற்கு நேர்மாறான கதை பசிபிக் தீவுகளில் நடந்தது. நம் வீட்டுத் தோட்டத்தில் மழை பெய்ததும் கிளம்பும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை 1936-ல் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அதை அடக்க 1955-ல் யூக்லாண்டினா ரோசியா என்ற, நத்தை தின்னும் நத்தையை அங்கே விட்டார்கள். 1977-ல் அதையே தாஹித்திக்குப் பக்கத்திலுள்ள மூரேயா தீவிலும் விட்டார்கள். ராட்சத நத்தையைத் தேடிப் போவதைவிட, அந்தத் தீவுக்கே உரிய சின்ன மர நத்தைகளான பார்ட்டுலாக்களைத் தின்பது அதற்குச் சுலபமாக இருந்தது. பத்தாண்டுக்குள் மூரேயாக் காட்டில் பார்ட்டுலாக்கள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தன. லண்டன் போன்ற இடங்களின் விலங்குக் காட்சியகங்களில் காப்பாற்றி வளர்த்தவற்றைத்தான் 2015-லிருந்து திரும்பக் கொண்டுபோய் விட்டு வருகிறார்கள். ஓர் இரை குறைந்ததும் அடுத்த இரைக்குத் தாவும் வேட்டை உயிர் பட்டினியால் குறைவதில்லை. ஆகவே கடைசி ஒன்றுவரை துரத்த முடியும்.

அசாசின் எந்தப் பக்கம்? கூகை, வண்டு பக்கம் இல்லை. நத்தை கிடைத்தால் நத்தை, இல்லாவிட்டால் புழு, செத்த மீன், அடியில் விழும் தீனி, எல்லாம் தின்னும். தொட்டிக்குள் இதுதான் அதன் பலம். நத்தை குறைந்தபின்னும் பட்டினி கிடக்காமல் அங்கேயே இருந்து, புதிதாகத் தலைகாட்டும் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொட்டிக்கு வெளியே அதே குணம் வேறு முகம் காட்டும். சிங்கப்பூர் நீர்நிலைகளில் அசாசின் குடியேறிவிட்டதை 2016-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

"இது நம்ம நாட்டு நத்தைதானே, பாரிட்டில் விட்டால் என்ன?" என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். இங்கேதான் அந்த 2017 ஆய்வு உதவுகிறது. கடையில் விற்பது எந்த ஆற்றின் எந்த இனம் என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாரிட்டுத் தண்ணீர் மெங்கிபோல் ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கும் சின்னச் சின்ன நாட்டு நத்தைகளைக் கணக்கெடுத்து வைத்திருப்பவர் யார்?

வேடிக்கை என்னவென்றால், நாம் திட்டும் டிரம்பெட்டையே ஒரு காலத்தில் கூலிக்கு அமர்த்தியிருக்கிறார்கள். கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவில் 1980களில், ரத்தப்புழு நோயைப் பரப்பும் ஒரு நத்தையை ஒதுக்குவதற்காக டிரம்பெட்டை நீர்நிலைகளில் விட்டார்கள். அது யாரையும் கொன்று தின்னவில்லை. இடத்தையும் சாப்பாட்டையும் பிடித்துக்கொண்டு மற்றதை வெளியே தள்ளியது. நம் தொட்டியில் செய்வதும் அதைத்தான்.

இனி நடைமுறைக்கு. புதுச் செடியைத் தொட்டியில் நடுவதற்கு முன் படிகாரம் கரைத்த தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு நடலாம். கடையில் படிகாரம் மலிவு, பெரும்பாலான செடி தாங்கும். டிரம்பெட் பெரும்பாலும் வேரோடு சேர்ந்த மண்ணில்தான் வரும் என்பதால் வேரைத் தனியாகக் கழுவ வேண்டும்.

அசாசினுக்கு மெல்லிய மணல் தேவை. பெரிய கூழாங்கல்லில் அதனால் புதைய முடியாது. லாகா மீனுக்காகக் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போட்டுத் தண்ணீரை அமிலமாக்கி வைத்திருக்கும் தொட்டியில் அதன் ஓடு கூர்முனையிலிருந்து அரித்து வெளுத்துப் போகும். ஒரு கைப்பிடி பவளக் கல்லைத் துணிப்பையில் கட்டி ஃபில்டரில் வைப்பது உதவும், ஆனால் லாகாவுக்கு அது அவ்வளவு பிடிக்காது. ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய அழகு நத்தைகள், நெரைட்டோ மிஸ்டரியோ, அதே தொட்டியில் இருந்தால் அவற்றுக்கும் ஆபத்துதான். ஆரோக்கியமான இறாலை அசாசின் பெரும்பாலும் பிடிப்பதில்லை, ஓய்ந்து கிடக்கும் இறாலை விடாது.

அசாசினில் ஆண் வேறு, பெண் வேறு. வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது. பெருக வேண்டாம் என்றால் ஒன்றோடு நிறுத்தலாம், வேலை இன்னும் மெதுவாக நடக்கும். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், கல்லிலோ மரத்துண்டிலோ சதுரமான சின்னஞ்சிறு கண்ணாடிப் பை ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். உள்ளே ஒரே ஒரு மஞ்சள் முட்டை இருக்கும். பொரிக்க வாரக்கணக்கில் ஆகும், பொரித்த குஞ்சும் மாதக்கணக்கில் மணலுக்குள்தான் வாழும். "அசாசின் பெருகவேயில்லை" என்று சொன்னவர் ஆறு மாதம் கழித்துக் கைநிறைய எடுப்பது இதனால்தான். பெருகும் வேகம் மற்ற நத்தைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அதனால் கட்டுப்படுத்தச் சிரமமில்லை.

நத்தை முடிந்துவிட்ட தொட்டியில் வாரத்துக்கு இரண்டு தடவை அடியில் மூழ்கும் இறைச்சித் தீனியோ கடையில் 'பிளட்வர்ம்' என்று விற்கும் உறைய வைத்த சிவப்புப் புழுவோ கொஞ்சம் போட்டால் அசாசினுக்குப் போதும். அளவு மீறினால் அதே தீனி பிளாடர் நத்தையைத் திரும்ப அழைத்து வரும். மிஞ்சிய அசாசினைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, நத்தைத் தொல்லை உள்ள அடுத்த வீட்டுக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். மீன் கடைகளிலும் சில எடுத்துக்கொள்ளும். யாருக்கும் வேண்டாம் என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம். பாரிட்டில் மட்டும் கொட்டக்கூடாது. தொட்டித் தண்ணீர் மாற்றும்போது மணலோடு போகும் குஞ்சுகளும் இதில் சேர்த்தி. அந்தத் தண்ணீரைக் காய்ந்த மண்ணிலோ பூந்தொட்டியிலோ ஊற்றுங்கள்.